என் தங்கை எண்ணிக் கொடுத்த பிள்ளைகள்

என் தங்கை தாயம்மா வாங்கித் தந்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஒத்தப்பனைக் குப்பத்துக்கு இரண்டு குடிநீர்க் குழாய்கள். ஒன்று கோயிலண்டை, மற்றொன்று கருவாடு காயவைக்கும் திடலின் ஓரம். இராயபுரம் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில், பால்குடிப் பிள்ளையின் தாய் கட்டிலண்டையே தங்கலாம் என்கிற விதி. மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் தராசைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்கே வந்து பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பது. குப்பத்தில் ஒரு பிள்ளை போனால், அது ஒன்பது நாள் பிள்ளையானாலும், சர்க்கார் ரிஜிஸ்தரில் அதற்கு ஒரு வரி. கடைசியாக அவள் மகன் ரகுபதி. இதை எழுதும் 1958-இல் அவனுக்கு ஐந்து வயது. பல் விழுந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் அல்ல. அவளுக்கு எதிரே நின்றவை: நெடுஞ்சாலைக்கும் குப்பத்துக்கும் நடுவில் அரை மைல் மணல், ஓர் ஆபீஸ், எங்கள் ஜனங்களே எடுத்துக்கொண்ட இரண்டு கட்டுப்பாடுகள். கட்டுப்பாடுகள்தான் மணலைவிட நீளமாக இருந்தன.

நான் அவளுக்கு ஏழு வயது மூத்தவன். பெயர் ஜெயவேல். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆண் நான்தான். 1941 முதல் துறைமுகத்தில் டாலி வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்துக் கோடு போடுவது. எந்தக் கப்பல் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் போனது என்பதையெல்லாம் என் சொந்த நோட்டிலும் குறித்து வைப்பேன். யாரும் கேட்டதில்லை, ஆனாலும் தேதியில்லாமல் ஒன்றை எழுத எனக்கு வராது. வேலைக்கு வசதியாக நான் தண்டையார்பேட்டையில் குடியிருந்தேன். தாயம்மா குப்பத்திலேயே சின்னப்பையன் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். சின்னப்பையன் கட்டுமரக்காரர், அதிகம் பேசாதவர்.

குப்பம் திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூர் போகும் வழியில் கடலோரம் இருக்கிறது. அறுபத்திரண்டு வீடுகள். குடிப்பதற்கு ஊற்றுக்குழித் தண்ணீர். மணலைத் தோண்டினால் ஊறும். கோடையில் உப்புக் கரிக்கும். மழைக்காலத்தில் மேட்டுப் பக்கத்துக் கழிவெல்லாம் அதற்குள்தான் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் வரும். சில பிழைக்கும். சில பிழைக்காது.

பிழைக்காத பிள்ளைகளை நாங்கள் சுடுகாட்டுக்குக் கொண்டு போவதில்லை. பல் முளைத்துப் பேச்சுத் திருந்தாத பிள்ளை கடலுக்குச் சொந்தம் என்பார்கள். சவுக்குத் தோப்புக்குக் கீழே மணலில் புதைத்துவிடுவோம். தாய் போகக்கூடாது. ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொருத்திதான் அதைத் துணியில் சுற்றித் தூக்கிப் போக வேண்டும். அதற்குப் பிறகு, மடியில் பால்குடிப் பிள்ளை இருக்கிற எந்தத் தாயும் போன பிள்ளையின் பெயரைச் சொல்லக்கூடாது. சொன்னால், போனது வந்து இருப்பதைக் கூப்பிட்டுக்கொள்ளும். எங்கள் குப்பத்தில் மடி காலியாக இருக்கும் பெண் ஏது? ஆகையால் அந்தப் பெயர்கள் சொல்லப்படாமலே போய்விடும்.

1947-இல் தாயம்மாவின் முதல் பிள்ளை ஒன்பதாம் நாள் போயிற்று. அதிலிருந்து குப்பத்தில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் தூக்கிப் போக அவளைத்தான் அழைத்தார்கள். அவள் மறுத்ததில்லை. எத்தனை என்று நானும் கேட்டதில்லை.

இரண்டாவது பிறந்தவள் நீலா. 1952 நவம்பர் 13, வியாழக்கிழமை, அவளுக்கு இரண்டு வயது நிறைய மூன்று வாரம் இருந்தது. விடியற்காலையில் பேதி ஆரம்பித்தது. தாயம்மா அப்போது ஆறு மாத கர்ப்பிணி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரை மைல் மணலில் ஓடி, சாலையில் நின்று பஸ் பிடித்தாள். தண்டையார்பேட்டையைத் தாண்டும்போது நீலாவின் கை இவள் கழுத்திலிருந்து நழுவிவிட்டது. ஆனாலும் இவள் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றாள்.

அங்கே டாக்டர் ஃப்ளோரன்ஸ் இருந்தார். நாற்பது வயதிருக்கும். நாசரேத் பக்கத்துக்காரர். பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சேர்க்கைப் புத்தகத்தை மூடினார். உயிரோடு வராத பிள்ளையை அதில் எழுத முடியாது. ஆனால் தாயம்மாவை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

அது தாயம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளை என்ன தின்றது, யார் கண் பட்டது, எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாய் என்றெல்லாம் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்டதில்லை. சொன்னாள். டாக்டர் தன் சொந்த நோட்டில் குப்பத்தின் பெயரை எழுதிக்கொண்டார். நீலாவை அதே பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்தாள்; மணலில் வைத்தார்கள். தூக்கிப் போனது அங்கம்மா. தாயம்மாவின் அடுத்த வீட்டுக்காரி.

ரகுபதி 1953 பிப்ரவரியில் பிறந்தான்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முப்பது கட்டில்தான். ஆனால் டாக்டர் ஃப்ளோரன்ஸ் கட்டிலோடு நிற்கிறவர் அல்லர். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "ஒரு பிள்ளையைப் பத்து நாள் வெச்சுத் தேத்தி அனுப்புறோம். அது போய் அதே குழியிலதான் தண்ணி குடிக்குது. அடுத்த மாசம் திரும்ப வருது, இல்லேன்னா வராமலே போயிடுது. மருந்து நான் குடுத்துடுவேன், ஜெயவேல். குழாய் யார் குடுக்கிறது?" நெடுஞ்சாலை வரை குழாய் வந்திருந்தது. அதை அரை மைல் உள்ளே இழுக்க வேண்டும் என்று மார்ச்சு மாதம் சுகாதார ஆபீசுக்கு ஆஸ்பத்திரியின் பெயரில் மனு எழுதினார். மே மாதம் பதில் வந்தது. ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அவரே மணலில் நடந்து குப்பத்துக்கு வந்தார். எனக்கு அன்று கப்பல் இல்லை; நானும் இருந்தேன்.

பெண்கள் வலைத் திடலில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கடிதத்தைப் படித்து எளிதாகச் சொன்னார். ரிஜிஸ்தரின்படி போன வருஷம் ஒத்தப்பனைக் குப்பத்தில் இறந்த பிள்ளைகள் இரண்டு பேர்தான். ஆகவே குழாய்க்கு அவசரக் காரணம் இல்லை.

"உண்மையிலே எத்தனை பேரு? பேரும் நாளும் சொன்னீங்கன்னா நான் திரும்ப எழுதுறேன்" என்றார்.

ஒருத்தி பிள்ளையைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். அங்கம்மாதான் பேசினாள்.

"இன்னா டாக்டரம்மா, மூடுன மண்ண நோண்ட வந்துகீறியா? போயி வேற சோலியப் பாரு."

"அங்கம்மாக்கா, சும்மாயிரு" என்றாள் தாயம்மா. ரகுபதி அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். "ரெண்டுன்னு எய்திகீறாங்க. நான் ஒருத்தியே தூக்கினு போனது எத்தினின்னு எனக்குத் தெரியும். கைய வெச்சது நானு. ஆனா ஊரான் பெத்ததுக்கு நான் பேரு சொல்ல முடியாது, அது அவங்கவங்க சொல்லணும். என்னுத நான் சொல்றேன்."

"வாணாண்டி! மடியில புள்ள கீது!"

"நீலா" என்றாள் தாயம்மா. "எம் பொண்ணு நீலா. போன கார்த்திகைக்கு மின்னாடி, மய வுட்ட மறுநா."

பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். ஓடினார்கள் என்றே சொல்லலாம். அங்கம்மா போகும்போது திரும்பி, "அந்தப் புள்ளைக்கு எதுனா ஆச்சி, நீதாண்டி கொன்ன" என்றாள். டாக்டரின் நோட்டில் ஒரு பெயர் மட்டும் இருந்தது.

ஜூலை 3, வெள்ளிக்கிழமை, ரகுபதிக்குப் பேதி கண்டது.

குப்பத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சின்னப்பையன் வலையைக் கீழே போட்டுவிட்டு அவளோடு சாலை வரை வந்தார். "நீ சொன்னதாலன்னு நா சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். தாயம்மாவுக்கு அதுவும் உறைத்தது. அவர் மனசிலும் அந்த நினைப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இம்முறை பிள்ளை உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. தொடையில் ஊசி குத்தி உப்பு நீர் ஏற்றினார்கள். கண் குழி விழுந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. அந்நாளில் அங்கே வழக்கம், பிள்ளையை ஒப்படைத்துவிட்டுத் தாய் வெளியே போய்விட வேண்டும். மாலை நான்கிலிருந்து ஐந்து வரை பார்க்கலாம். நர்சம்மா வந்து, "வெளியே இரும்மா, சட்டம்" என்றார்.

"பாலு யாரு குடுப்பா? உங்க செவுத்துல சொரக்குதா?"

"கொதிக்கவெச்ச தண்ணியில பவுடர் பால் கலக்கிக் குடுப்போம்."

"தண்ணியாலதான் இங்க வந்துகீறான். எங்கிட்ட கொதிக்க வெக்கத் தேவையில்லாதது கீது. நான் போவ மாட்டேன்."

இருவரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஃப்ளோரன்ஸ் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "அவங்க சொல்றதுதான் சரி. ஒரு பாய் போடுங்க" என்றார். ஒருத்திக்குப் போட்ட பாய் அந்த மாதக் கடைசிக்குள் எல்லாத் தாய்மாருக்கும் போடப்பட்டது.

பதினொரு நாள் அவள் அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை. நான் வேலை முடிந்து தினமும் போய்ப் பார்ப்பேன். கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கும். டாக்டரே தன் கையால் எழுதியது: தாயின் பெயர், பிள்ளையின் பெயர், ஊர். பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் மாறினால் அட்டையும் மாறும். ஒருநாள் தாயம்மா என்னிடம், "இதுல எதுண்ணே நானு?" என்று கேட்டாள். மேல்வரியைக் காட்டினேன். "இம்மா நீளமா நானு" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் சொல்லித்தரவில்லை; அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. தரை துடைத்த ஈரத்தில் அவள் விரல் எதையோ கீறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கவலையில் கீறுகிறாள் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள், ஜூலை 11, சனிக்கிழமை, அங்கம்மா வந்தாள். மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து கட்டிலண்டை நின்றாள்.

"இன்னாக்கா, புள்ளயப் பாக்கவா வந்த?"

"பொய் சொல்ல மாட்டேண்டி. கீறானா பூட்டானான்னு பாக்க வந்தேன்."

ரகுபதி அன்றுதான் கண்ணை நன்றாக விழித்திருந்தான். குனிந்த அங்கம்மாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அவள் "வுடுறா, களவாணி" என்றாள். விடுவித்துக்கொள்ளவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"அவ கூப்படல" என்றாள்.

"இல்லக்கா."

"நீ பேரச் சொன்ன. அவ வரல."

"எம் பொண்ணு. அவ ஏங்க்கா தம்பியக் கூப்படப் போறா?"

அங்கம்மா என் பக்கம் திரும்பினாள். "ஜெயவேலு, நோட்டு வெச்சுக்கினு கீறியே, எய்திக்கோ. எம் பொண்ணு பேரு குப்பம்மா. அப்பிடிப் பேரு வெச்சா தங்கும்னாங்க. தங்கல. வாளைமீனு வாரிக்கினு வந்த வாரம். ஒரு பெரிய கப்பலு மணல்ல தட்டி நின்னுதே, அதுக்கு மூணாம் நாளு."

அந்தக் கப்பல் தரை தட்டிய தேதி என் நோட்டில் இருந்தது. ஆகவே குப்பம்மாவின் தேதியும் கிடைத்தது.

ரகுபதியைத் தூக்கிக்கொண்டு ஜூலை 14-ஆம் தேதி தாயம்மா குப்பத்துக்குத் திரும்பினாள். அங்கம்மா முன்னால் நடந்து போனாள். அதன் பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கூட்டமாக அல்ல. தண்ணீருக்குப் போகிற சாக்கில், வலை பின்னுகிற சாக்கில். மெதுவாகச் சொன்னார்கள். சிலர் பெயரைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் ஜனங்களுக்கு இங்கிலீஷ் தேதி தெரியாது. மாசிமகத்துக்கு மறுநாள் என்பார்கள். நெத்திலி நின்றுபோன அமாவாசை என்பார்கள். சிவப்புப் புகைக்கூண்டுக் கப்பல் போன அன்று என்பார்கள். நான் பஞ்சாங்கத்தையும் என் கப்பல் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மூன்று வருஷத்தில் பத்தொன்பது பிள்ளைகள். கடைசி ஒரு வருஷத்தில் மட்டும் பதினொன்று. தாயம்மா தன் மனதில் வைத்திருந்த கணக்கும் அதேதான். ஒன்றுகூடப் பிசகவில்லை.

டாக்டர் அந்தப் பட்டியலோடு இரண்டாவது மனு எழுதினார். சுகாதார ஆபீசிலிருந்து எங்களை வரச் சொன்னார்கள். டாக்டர், தாயம்மா, நான், குப்பத்துத் தலைவரான நாட்டார் தாமோதரன், நால்வரும் போனோம். ரகுபதி தாயம்மாவின் இடுப்பில்.

ஆபீசர் பெயர் ராமதாஸ். கெட்ட மனிதர் அல்லர். பட்டியலைக் கடைசி வரை படித்தார்.

"டாக்டர், இதை நான் நம்பறேன். ஆனா மேலே அனுப்பினா, யாரு சொன்னான்னு கேப்பாங்க. இது வெறும் வாய்ப்பேச்சு. ரிஜிஸ்தர்ல ஏறினாத்தான் கணக்கு. ஒரு வருஷத்துக்குள்ள நடந்த பதினொன்னையும் இப்பவே ஏத்தலாம். தாயோ, புதைக்கறப்போ கூட இருந்தவங்களோ, சொன்னேன்னு ஒரு கைநாட்டு வெக்கணும்."

"நான் வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"நீங்க கூட இருந்தீங்களா?"

இல்லை. நான் துறைமுகத்தில் இருந்தேன்.

"நீலாவுக்கு நான் தாயி. மத்த பத்தையும் தூக்கினு போனது நானு" என்றாள் தாயம்மா.

ஆபீசர் நீலாவின் வரியை ரிஜிஸ்தரில் எழுதிவிட்டு மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். உடனே நாட்டார் எழுந்துவிட்டார்.

எங்கள் இரண்டாவது கட்டுப்பாட்டை இங்கே சொல்ல வேண்டும். 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, ஒரு ஆள் காகிதங்களோடு குப்பத்துக்கு வந்தான். அரிசி வரும் என்று சொல்லி எல்லோரிடமும் கைநாட்டு வாங்கினான். நான் அன்றும் துறைமுகத்தில் இருந்தேன். இருந்திருந்தால் படித்துச் சொல்லியிருப்பேன். அந்தக் காகிதம், குப்பத்தைப் பழைய இடத்திலிருந்து காலி செய்ய நாங்களே சம்மதித்ததாகச் சொன்னது. பழைய இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. புதிய இடத்தில் ஊற்றுக்குழிதான். அது தெரிந்த அன்றே குப்பம் கூடி முடிவு செய்தது: ஒத்தப்பனைக் குப்பத்து விரல் இனி எந்தக் காகிதத்திலும் படாது, பட்டால் அந்தக் குடும்பம் தள்ளிவைப்பு. பதினொரு வருஷமாக யாரும் மீறவில்லை.

"தாயம்மா, வெரல வெச்சியானா நீயும் ஒம் புருசனும் குப்பத்துல இல்ல" என்றார் நாட்டார். குரல் கடுமையாக இல்லை, வருத்தமாகத்தான் இருந்தது. "நாஞ் சொல்லல. எல்லாருமா சேந்து சொன்னது. நீயுந்தான் அன்னிக்கி நின்னுக்கினு இருந்த."

"தெரியும் மாமா."

விரலை வைத்தால் ஊர் இல்லை. வைக்காவிட்டால் பதினொரு பிள்ளைகளும் மறுபடி மணலுக்குள் போய்விடும். குழாய் சாலையிலேயே நின்றுவிடும். அடுத்த மழைக்கு இடுப்பில் இருப்பவனுக்கும் அதே தண்ணீர். அது தான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று டாக்டருக்குத் தெரிந்திருந்தது.

தாயம்மா ரிஜிஸ்தரைக் காட்டி, "அதுல இன்னா எய்திகீதுன்னு படிங்க சார்" என்றாள்.

ஆபீசர் படித்தார். நீலா, பெண், வயது இரண்டு, வாந்தி பேதி, ஒத்தப்பனைக் குப்பம்.

"இன்னொரு வாட்டி."

மறுபடி படித்தார். நானும் எட்டிப் பார்த்து, அதேதான் எழுதியிருக்கிறது என்று தலையாட்டினேன்.

"மை வாணாம் சார். பேனாவக் குடுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தோம். "எழுதத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டது நான்தான். அவள் ரகுபதியை என்னிடம் நீட்டினாள். அவன் வர மறுத்துச் சேலையைப் பிடித்துக்கொண்டான். அவனை இடுப்பிலேயே இடுக்கிக்கொண்டு, மேசைமேல் குனிந்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். அந்த முதல் எழுத்தின் வால் இடப்பக்கம் சுழிந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது டாக்டர் ஃப்ளோரன்ஸ் எழுதும் விதம். கட்டில் அட்டையில் பதினொரு நாள் பார்த்த எழுத்து. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

நாட்டார் நெருங்கி வந்து காகிதத்தைப் பார்த்தார். பிறகு அவள் கட்டைவிரலைப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது.

"வெரலு படல" என்றார். சற்றுப் பொறுத்து, "படிச்சுக் கேட்டுட்டுத்தான் போட்டுகீறா. அன்னிக்கி நாம செய்யாதது அதான்" என்றார். உட்கார்ந்தார்.

தாயம்மா அடுத்த வரிக்குப் போனாள். குப்பம்மா. அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகே எழுதினாள். பதினொன்றும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆபீசர் அவசரப்படுத்தவில்லை. கடைசி வரியில் எழுத்து முதல் வரியைவிட நேராக இருந்தது.

நான் தேதி எழுதாமல் எதையும் முடிப்பதில்லை. ரிஜிஸ்தரில் நீலாவின் பெயருக்கு எதிரே என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள்: 1953-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 19-ஆம் தேதி, புதன்கிழமை.